குழந்தைகளுக்கான குருத்தணு மாற்று மருத்துவ ஆய்வு

குழந்தைகளுக்கான குருத்தணு மாற்று மருத்துவ ஆய்வு என்பது, குருதியை உருவாக்கும் குருத்தணுக்களைக் குழந்தைகளின் உடலில் செலுத்திச் செய்யப்படும் சிகிச்சைகளை, நோயுற்ற குழந்தைகளிடத்திலேயே முறைப்படி ஒப்பிட்டு ஆராயும் மருத்துவத் துறையாகும். குருதிப் புற்றுநோய், தலசீமியா, அரிவாள் உயிரணுச் சோகை, பிறவியிலேயே அமையும் நோயெதிர்ப்புக் குறைபாடுகள், எலும்பு மச்சை செயலிழப்பு முதலிய நோய்களுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகின்றது. இவற்றுள் சில நோய்களில் குழந்தையை முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய வழி இது ஒன்றாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. அதே வேளை, சிகிச்சையே குழந்தையின் உயிரைப் பறிக்கவும் கூடும். எந்தக் குழந்தைக்கு, எப்போது, எவருடைய அணுக்களை, எந்த மருந்துடன் கொடுப்பது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே இத்துறையின் பணியாகும்.

பெயர்

ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் எனப்படுவது தமிழில் குருத்தணு, மூல உயிரணு, தண்டு உயிரணு எனப் பலவாறு எழுதப்படுகின்றது. வாழைக்குருத்திலிருந்து இலை விரிவது போல, இவ்வணுவிலிருந்து பல்வேறு வகை உயிரணுக்கள் தோன்றுவதால் குருத்தணு என்னும் சொல் பொருத்தமாகவே உள்ளது. இக்கட்டுரையில் குருத்தணு என்பது குருதியாக்கக் குருத்தணுவை மட்டுமே குறிக்கும். கருவிலிருந்து பெறப்படும் குருத்தணுக்கள் வேறு. அவை பற்றிய அறநெறிச் சர்ச்சைகளுக்கும் இச்சிகிச்சைக்கும் தொடர்பில்லை. நாளிதழ்ச் செய்திகளில் இவ்விரண்டும் பலமுறை குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

சிகிச்சை நடைபெறும் முறை

குருதியாக்கக் குருத்தணுக்கள் எலும்புகளின் உள்ளே இருக்கும் மச்சையில் வாழ்கின்றன. செங்குருதியணு, வெண்குருதியணு, குருதிச் சிறுதட்டு ஆகிய மூன்றும் இவற்றிலிருந்தே உருவாகின்றன. கொடையாளியின் இடுப்பெலும்பிலிருந்து ஊசி மூலம் மச்சையை உறிஞ்சி எடுத்தோ, மருந்து கொடுத்துக் குருத்தணுக்களைக் குருதியோட்டத்திற்கு வரவழைத்துப் பிரித்தெடுத்தோ, குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியில் எஞ்சும் குருதியைச் சேமித்தோ இவை பெறப்படுகின்றன.

பெயரில் மாற்று என்று இருப்பினும், இது சிறுநீரக மாற்று போன்ற அறுவைச் சிகிச்சை அன்று. முதலில் நோயாளியின் சொந்த மச்சை, கடுமையான வேதிமருந்துகளாலோ உடல் முழுவதும் பாய்ச்சப்படும் கதிர்வீச்சாலோ அழிக்கப்படுகின்றது. இது ஆயத்தச் சிகிச்சை எனப்படும். அதன் பின்னர் கொடையாளியின் அணுக்கள் குருதி ஏற்றுவது போலவே சிரை வழியாகச் செலுத்தப்படுகின்றன. அணுக்கள் தாமாகவே வழி கண்டு எலும்புக்குள் சென்று குடியேறுகின்றன. அணுக்கள் செலுத்தப்படும் நாள் சுழிய நாள் எனப்படும். அதற்குப் பிந்திய நாட்கள் அதிலிருந்தே எண்ணப்படுகின்றன. நியூட்ரோஃபில் என்னும் வெண்குருதியணுக்களின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 500 என்ற அளவை எட்டி, அந்நிலை தொடர்ந்து மூன்று நாட்கள் நீடித்தால், புதிய மச்சை வேரூன்றியதாகக் கொள்ளப்படுகின்றது. இதற்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை குழந்தைக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் ஏறத்தாழ இல்லை எனலாம். தூய்மைப்படுத்தப்பட்ட காற்று செலுத்தப்படும் தனியறையில் வைத்துப் பராமரிக்கப்படும்.

கொடையாளியின் குருதிப் பிரிவும் நோயாளியின் குருதிப் பிரிவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிகிச்சை வெற்றி பெற்றால், நோயாளியின் குருதிப் பிரிவே காலப்போக்கில் கொடையாளியினுடையதாக மாறிவிடும். ஒத்திருக்க வேண்டியது எச்.எல்.ஏ. எனப்படும், உயிரணுக்களின் மேற்பரப்பில் அமைந்த அடையாளப் புரதங்களே. இவை ஒவ்வாதபோது, புதிய மச்சையிலிருந்து தோன்றும் வெண்குருதியணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றை அயற்பொருளாகக் கருதித் தாக்குகின்றன. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக ஜி.வி.எச்.டி. என்பர். எச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்தினாலும் இது வரக்கூடும். ஆனால் இதே தாக்குதல் எஞ்சியிருக்கும் புற்றணுக்களையும் அழிக்கின்றது. எனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையிடத்தில் இத்தாக்குதலை அறவே ஒழிப்பதும் விரும்பத்தக்கதன்று. தலசீமியா போன்ற புற்றல்லாத நோய்களில் அழிக்க வேண்டிய புற்றணு எதுவும் இல்லை, அங்கு ஜி.வி.எச்.டி.யால் ஒரு நன்மையும் இல்லை. ஒரு நோயில் கிடைத்த ஆய்வு முடிவை இன்னொரு நோய்க்கு அப்படியே பொருத்த இயலாமைக்கு இது முதன்மையான காரணமாகும்.

பொருத்தமான கொடையாளி கிடைக்கும் வாய்ப்பு

எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாம் நிறப்புரியில் நெருக்கமாக அமைந்து, பொதுவாக ஒரே தொகுதியாகக் கைமாறுகின்றன. குழந்தை, தாயிடமிருந்து ஒரு தொகுதியையும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியையும் பெறுகின்றது. ஆகையால் உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவரும் பொருந்தாமல் போகும் வாய்ப்பை உடன்பிறந்தோரின் எண்ணிக்கைக்கேற்பப் பெருக்கிப் பார்த்தால், இருவர் இருக்கும்போது ஒருவரேனும் பொருந்துவதற்கான வாய்ப்பு 44 விழுக்காடும், மூவர் இருக்கும்போது 58 விழுக்காடும் ஆகும். ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் பெருகப் பெருக இவ்வாய்ப்பு சுருங்குகின்றது. தென்னிந்தியாவில் வழக்கிலுள்ள அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களால் விரிந்த குடும்பத்துக்குள் பொருந்தும் கொடையாளி கிடைப்பதுண்டு. ஆனால் தலசீமியா, கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு போன்ற ஒடுங்கு மரபு நோய்கள் தோன்றும் வாய்ப்பையும் அதே நெருங்கிய உறவுத் திருமணமே கூட்டுகின்றது.

குடும்பத்தில் எவரும் பொருந்தாதபோது தன்னார்வக் கொடையாளிப் பதிவேடுகளை நாட வேண்டும். அத்தகைய முதல் பதிவேட்டினை, அரிய நோயெதிர்ப்புக் குறைபாட்டுடன் பிறந்த மகன் அந்தோணி நோலனுக்காக அவருடைய தாய் ஷெர்லி நோலன் 1974 ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கினார். அவருடைய மகனுக்குப் பொருத்தமான கொடையாளி கிடைக்கவேயில்லை. அவர் 1979 இல் இறந்தார். பதிவேடு இன்றும் அவர் பெயராலேயே இயங்குகின்றது. சென்னையில் தாத்ரி பதிவேடு 2009 இல் நிறுவப்பட்டது. உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருப்பினும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இல்லை. ஐக்கிய அமெரிக்கப் பதிவேட்டினைப் பற்றி 2014 இல் வெளியான ஆய்வு, ஐரோப்பிய வழி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு எனவும், தென் மற்றும் நடு அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு 16 விழுக்காடே எனவும் கணித்தது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் எட்வர்டு டானல் தாமசு என்பவரும் குழுவினரும் 1957 இல் ஆறு நோயாளிகளுக்கு மச்சை செலுத்திய முடிவுகளை வெளியிட்டனர். ஒருவரும் நூறு நாட்களுக்கு மேல் உயிர்வாழவில்லை. எச்.எல்.ஏ. பற்றிய அறிவு அப்போது இல்லை. பிரெஞ்சு மருத்துவர் சான் டோசே முதல் எச்.எல்.ஏ. புரதத்தை அடையாளம் கண்டது 1958 இல்தான்.

முதல் நீடித்த வெற்றி ஒரு கைக்குழந்தையிடத்தில் கிடைத்தது. 1968 இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இராபர்ட் குட் தலைமையிலான குழு, கடுமையான ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாட்டுடன் பிறந்த ஆண் குழந்தைக்கு அதன் தமக்கையின் மச்சையைச் செலுத்தியது. கொடையணுக்களின் தாக்கத்தால் குழந்தையின் சொந்த மச்சை அழிந்துபோகவே, அதே தமக்கையிடமிருந்து மீண்டும் மச்சை பெற்றுச் செலுத்தப்பட்டது. குழந்தை பிழைத்து வளர்ந்தது. இந்நோயில் புதிய அணுக்களை எதிர்க்கும் ஆற்றலே குழந்தையிடம் இல்லாததால், ஆயத்தச் சிகிச்சை இன்றியே கொடையணுக்கள் வேரூன்ற முடிந்தது.

தலசீமியாவுக்கான முதல் மாற்றுச் சிகிச்சைகள் 1981 ஆம் ஆண்டு இறுதியில், சியாட்டிலில் தாமசு குழுவினராலும் இத்தாலியின் பெசாரோ நகரில் குயிடோ லுக்கரெல்லி குழுவினராலும் செய்யப்பட்டன. இந்தியாவின் முதல் வெற்றிகரமான மச்சை மாற்று 1983 இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி குழுவினரால் செய்யப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 இல் மேமன் சாண்டி இச்சிகிச்சையைத் தொடங்கினார். தாமசு 1990 இல் சோசப் மர்ரேயுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குழந்தைகளிடத்தில் தனி ஆய்வு ஏன்

பெரியோரிடத்தில் கிடைத்த முடிவுகளை எடைக்கேற்பச் சுருக்கிக் குழந்தைக்குப் பொருத்த இயலாது. புசல்ஃபான் என்னும் ஆயத்த மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறு குழந்தைகளின் உடல், ஒரு கிலோகிராம் எடைக்கு என்று கணக்கிட்டால், இம்மருந்தைப் பெரியோரைவிட விரைவாக வெளியேற்றுகின்றது. குருதியில் மருந்தின் அளவு குறைந்தால் புதிய மச்சை வேரூன்றாமல் போகலாம். மிகுந்தால் கல்லீரலின் நுண்குழாய்கள் அடைபட்டு உயிருக்கு இடர் நேரலாம். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் குருதியில் மருந்தின் அளவை அளந்து அடுத்த வேளை மருந்தைத் திருத்தும் முறை கையாளப்படுகின்றது.

அணுக்களைப் பெறும் இடமும் வேறுபாட்டை உண்டாக்குகின்றது. குருதியோட்டத்திலிருந்து குருத்தணுக்களைப் பெறுவது கொடையாளிக்கு எளிது என்பதால் பெரியோரிடத்தில் அம்முறையே பெருகியது. ஆனால் குருதிப் புற்றுநோய் உற்ற சிறுவரையும் பதின்ம வயதினரையும் பற்றி 2004 இல் மேரி ஈபன் குழுவினர் வெளியிட்ட பதிவேட்டு ஆய்வு, உடன்பிறந்தோரிடமிருந்து இவ்வாறு பெற்ற அணுக்களைச் செலுத்தியபோது இறப்பு மச்சையைவிட மிகுந்திருந்ததைக் காட்டியது. குழந்தைகளுக்கு எலும்பு மச்சையே பலவிடங்களில் இன்றும் விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது காரணம் காலம். அறுபது வயதில் சிகிச்சை பெறுபவருக்கு முப்பதாண்டுக்குப் பின் வரும் கேடு பெரிய கவலையன்று. ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது வாழ்வின் நடுப்பகுதி. வளர்ச்சிக் குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, கண்புரை, மகப்பேறின்மை, இரண்டாம் புற்றுநோய் ஆகியன கதிர்வீச்சினாலும் கடும் மருந்துகளாலும் பிற்காலத்தில் நேரக்கூடியவை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எண்ணிக்கை போதாமை பெருந்தடையாகும். ஒரு குறிப்பிட்ட நோயின் குறிப்பிட்ட நிலையில், பொருத்தமான கொடையாளியுடன் இருக்கும் குழந்தைகள் ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்குச் சிலரே இருப்பர். இருபது குழந்தைகளை வைத்து இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாடு உண்மையானதா தற்செயலா என்று கூற இயலாது. ஆகவே இத்துறையின் பெரிய ஆய்வுகள் அனைத்தும் பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்துவனவாகவே உள்ளன.

கதிர்வீச்சைத் தவிர்க்க முயன்ற ஃபோரம் ஆய்வு

கடும் நிணநீரணுக் குருதிப் புற்றுநோய், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் புற்றுநோயாகும். பெரும்பாலான குழந்தைகள் வேதிமருந்துகளாலேயே குணமடைகின்றனர். நோய் மீண்டவர்களுக்கும், மீளும் அபாயம் மிக்கவர்களுக்குமே குருத்தணு மாற்று தேவைப்படுகின்றது. இவர்களுக்கு உடல் முழுவதும் கதிர்வீச்சு பாய்ச்சுவது நெடுநாளைய வழக்கம். முன்னர்க் கூறிய பிற்காலக் கேடுகளைக் கண்ட மருத்துவர்கள், மருந்துகளை மட்டும் கொண்டு இதே பயனைப் பெற இயலுமா என்று அறிய விரும்பினர். வியன்னாவின் புனித அன்னா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த கிறித்தினா பீட்டர்சு தலைமையில் 2013 இல் தொடங்கிய ஃபோரம் ஆய்வு இதற்காகவே வடிவமைக்கப்பட்டது. முழுவயது எய்தாதோருக்குக் கதிர்வீச்சைத் தவிர்த்தல் என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ஃபோரம் என்பதாகும். ஆய்வாளர்களின் விருப்பம் பெயரிலேயே வெளிப்படுகின்றது.

நோய் தணிந்த நிலையில் இருந்த, நான்கு வயதுக்கு மேற்பட்ட, பொருத்தமான கொடையாளி கிடைத்த சிறார் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 12 கிரே அளவு கதிர்வீச்சும் எட்டோபோசைடு என்னும் மருந்தும் அளிக்கப்பட்டன. மறு பிரிவினருக்கு ஃபுளூடராபின், தயோடெப்பா ஆகியவற்றுடன் புசல்ஃபான் அல்லது டிரியோசல்ஃபான் அளிக்கப்பட்டது. எந்தப் பிரிவில் சேர்வது என்பதை மருத்துவரோ பெற்றோரோ முடிவு செய்ய இயலாது. இது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவரே தேர்ந்தெடுத்தால், உடல் நலிந்த குழந்தைகளை ஒரு பிரிவிலும் வலுவான குழந்தைகளை மறு பிரிவிலும் தம்மையறியாமல் சேர்த்துவிடுவர். பின்னர் வரும் வேறுபாடு மருந்தால் வந்ததா, குழந்தைகளின் உடல்நிலையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. எந்தச் சிகிச்சை சிறந்தது என்பது உண்மையிலேயே தெரியாத நிலையில் மட்டுமே இவ்வாறு குலுக்கல் முறையைக் கையாள்வது அறமாகும்.

இத்தகைய ஆய்வுகளில், இடையிடையே தரவுகளைப் பார்வையிடும் உரிமை, ஆய்வை நடத்துவோரைச் சாராத கண்காணிப்புக் குழு ஒன்றுக்கு உண்டு. ஏறத்தாழ 1000 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிடப்பட்டிருந்த ஃபோரம் ஆய்வில், 2019 மார்ச்சு மாதத்தில் குலுக்கல் நிறுத்தப்பட்டது. மருந்துப் பிரிவில் முடிவுகள் தெளிவாகவே தாழ்ந்திருந்தன. 2021 இல் வெளியான அறிக்கையின்படி, கதிர்வீச்சுப் பிரிவின் 212 பேரில் ஈராண்டு உயிர்வாழ்வு 91 விழுக்காடு. மருந்துப் பிரிவின் 201 பேரில் 75 விழுக்காடு. நோய் மீள்வு முறையே 12 விழுக்காடும் 33 விழுக்காடும் ஆகும். சிகிச்சையின் கேட்டினால் நேர்ந்த இறப்புகளும் கதிர்வீச்சுப் பிரிவில் 2 விழுக்காடாகவும் மருந்துப் பிரிவில் 9 விழுக்காடாகவும் இருந்தன.

இந்த எண்களை எளிதாக இவ்வாறு கூறலாம்: நூறு குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு அளிப்பதால், மருந்து மட்டும் அளிப்பதைவிடப் பதினாறு பேர் கூடுதலாக ஈராண்டுக்குப் பின் உயிருடன் இருப்பர். மென்மையான சிகிச்சை என்று நல்லெண்ணத்துடன் கருதப்பட்டது உயிரிழப்பைக் கூட்டியது என்பதை, முறையான ஒப்பீடு இன்றி எவரும் உறுதியாக அறிந்திருக்க முடியாது. ஆய்வு நடைபெறாமல் உலக மருத்துவமனைகள் தாமாகவே கதிர்வீச்சைக் கைவிட்டிருந்தால், இறந்தோரின் எண்ணிக்கை எந்தத் தனி மருத்துவமனையின் கணக்கிலும் வெளிப்படையாகத் தெரிந்திருக்காது.

எனினும் இம்முடிவு வினாவை முற்றிலும் மூடிவிடவில்லை. ஈராண்டு உயிர்வாழ்வை அளந்த ஆய்வு, இருபதாண்டுக்குப் பின் வரும் கேடுகளை அளக்கவில்லை. நான்கு வயதுக்குக் குறைந்தோருக்கு, வளரும் மூளையைக் காக்கும் பொருட்டு, கதிர்வீச்சு பெரும்பாலும் தவிர்க்கப்படுவதால் அவர்களுக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தாது. மாற்றுச் சிகிச்சைக்கு முன் மிக நுண்ணிய மரபணு வரிசைச் சோதனையிலும் புற்றணு தென்படாத குழந்தைகளுக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்க முடியுமா என்பதை ஆராய எண்ட்ராட் என்னும் ஆய்வு வட அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்டது.

தொப்புள்கொடிக் குருதி

தொப்புள்கொடிக் குருதியைக் கொண்டு முதல் மாற்றுச் சிகிச்சை 1988 அக்டோபரில் பாரிசின் செயிண்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளக்மன் என்பவரால் செய்யப்பட்டது. ஃபான்கோனி சோகை உற்ற ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேமித்த குருதி செலுத்தப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கு குருதி நடுவத்தில் பொதுச் சேமிப்பு வங்கி உருவானது. தொப்புள்கொடிக் குருதியில் உள்ள வெண்குருதியணுக்கள் முதிராதவை என்பதால், எச்.எல்.ஏ. சிறிது பொருந்தாவிட்டாலும் இதனைப் பயன்படுத்த முடிகின்றது. 503 குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட கொடிக்குருதியையும் 282 குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட உறவினரல்லாதோர் மச்சையையும் ஒப்பிட்டு 2007 இல் வெளியான ஆய்வு, ஒன்று அல்லது இரண்டு இடங்களில் பொருந்தாத கொடிக்குருதியும் முழுதும் பொருந்திய மச்சைக்கு இணையாகவே பயனளித்ததைக் காட்டியது.

இதன் குறை, ஒரு கொடியில் கிடைக்கும் அணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதே. பெரியோருக்கு ஒரு பை போதாமையால் இரண்டு குழந்தைகளின் கொடிக்குருதியைச் சேர்த்துச் செலுத்தும் வழக்கம் தோன்றியது. இரண்டு நல்லது என்றால் அது குழந்தைகளுக்கும் நல்லதுதானே என்னும் எண்ணத்தைச் சோதிக்க, 1 முதல் 21 வயது வரையிலான 224 பேரிடம் குலுக்கல் முறை ஆய்வு நடைபெற்றது. மின்னசோட்டாவின் சான் வாக்னரும் பிறரும் 2014 இல் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டு உயிர்வாழ்வு ஒரு பை பெற்றோரிடத்தில் 73 விழுக்காடு; இரு பை பெற்றோரிடத்தில் 65 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவினதே. ஆனால் இரண்டாம் பையால் நன்மையில்லை என்பது தெளிவாயிற்று, கடுமையான ஜி.வி.எச்.டி.யும் இரு பைப் பிரிவிலேயே மிகுந்திருந்தது. போதிய அளவுள்ள ஒரு பை இருக்கும்போது குழந்தைக்கு இரண்டாவது தேவையில்லை.

தம் குழந்தையின் கொடிக்குருதியைத் தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமிப்பது வேறு பொருள். குருதிப் புற்றுநோய்க்கு வித்திடும் மரபணு மாற்றம் பல குழந்தைகளில் பிறக்கும்போதே அமைந்திருப்பதால், அதே குழந்தையின் கொடிக்குருதியை அதன் புற்றுநோய்க்குப் பயன்படுத்துவது பொருந்தாது. தலசீமியா போன்ற மரபு நோய்களிலோ குறைபாடுள்ள மரபணு அக்குருதியிலும் இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இத்தகைய தனியார் சேமிப்பைப் பரிந்துரைக்கவில்லை. விளம்பரங்களில் இச்செய்தி இடம்பெறுவது அரிது.

காலம் தாழ்த்தாமையின் பயன்

கடுமையான ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தை, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருட்களால் முதல் சில மாதங்கள் நலமாகவே தோன்றும். தொற்று வந்த பின்னரே நோய் தெரிய வரும். 2000 முதல் 2009 வரை வட அமெரிக்காவின் 25 மருத்துவமனைகளில் மாற்றுச் சிகிச்சை பெற்ற 240 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2014 இல் வெளியானது. மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சை பெற்றோரில் 94 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதற்குப் பிந்திச் சிகிச்சை பெற்றாலும் தொற்றே இல்லாதிருந்தோரில் 90 விழுக்காட்டினரும், தொற்று வந்து நீங்கியோரில் 82 விழுக்காட்டினரும் பிழைத்தனர். சிகிச்சையின்போது தொற்று நீடித்திருந்தோரில் பிழைத்தோர் பாதிப்பேரே. வயதைவிடத் தொற்றே முடிவைத் தீர்மானிக்கின்றது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டுக் குருதியில் இந்நோயைக் கண்டறியும் சோதனை 2008 இல் விசுகான்சின் மாநிலத்தில் தொடங்கி, 2018 இறுதிக்குள் ஐக்கிய அமெரிக்காவின் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது.

தலசீமியாவும் வேலூர் ஆய்வுகளும்

தலசீமியா உற்ற குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டும். ஒரு பைக் குருதியில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளது. மிகையான இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லை. அது கல்லீரலிலும் இதயத்திலும் படிகின்றது. பெசாரோவின் லுக்கரெல்லி, கல்லீரல் வீக்கம், கல்லீரல் நார்த்தன்மை, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காகப் பெறாமை ஆகிய மூன்றையும் கொண்டு குழந்தைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். மூன்றும் உள்ள மூன்றாம் வகுப்பினருக்கு மாற்றுச் சிகிச்சையின் அபாயம் மிகுதி.

இத்தாலியில் வகுத்த இப்பிரிவு, இந்தியக் குழந்தைகளுக்கு முழுமையாகப் போதவில்லை. போதிய இரும்பு நீக்கச் சிகிச்சை இன்றிக் காலம் கடந்து வரும் குழந்தைகள் பலர் மூன்றாம் வகுப்பிலேயே அடங்கிவிட்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் விக்ரம் மேத்யூசு, அலோக் சீவத்சவா முதலியோர், ஏழு வயதைக் கடந்து, கல்லீரல் ஐந்து சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் வீங்கியிருக்கும் குழந்தைகளே அவ்வகுப்பினுள்ளும் மிகு அபாயம் உடையோர் என 2007 இல் காட்டினர். இவர்களுக்குப் புசல்ஃபானுக்கு மாற்றாக டிரியோசல்ஃபானைக் கொண்ட ஆயத்தச் சிகிச்சையை அளித்தபோது உயிர்வாழ்வு பெரிதும் உயர்ந்ததை 2013 இல் வெளியிட்டனர். இது குலுக்கல் முறை ஆய்வன்று. முந்தைய நோயாளிகளோடு ஒப்பிட்டதே. எனினும் ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கான விடை அந்நாடுகளின் மருத்துவமனைகளிலேயே கிடைக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

ஒரே ஆய்வினை நம்பலாமா

கல்லீரல் நுண்குழாய் அடைப்பைத் தடுக்க டெஃபிபுரோடைடு என்னும் மருந்து 356 குழந்தைகளிடத்தில் ஆராயப்பட்டது. 2012 இல் வெளியான முடிவில், மருந்து பெற்றோரில் 12 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 20 விழுக்காட்டினருக்கும் அடைப்பு ஏற்பட்டிருந்தது. ஆனால் பெரியோரும் சிறாருமாக நடத்தப்பட்ட ஆர்மனி என்னும் அடுத்த ஆய்வில் இத்தடுப்புப் பயன் காணப்படவில்லை. அம்முடிவு 2023 இல் வெளியானது. அடைப்பு ஏற்பட்ட பின்னர் அளிக்கும் சிகிச்சையாக மட்டும் இம்மருந்து ஏற்கப்பட்டுள்ளது.

ஜி.வி.எச்.டி.யைத் தடுக்கும் அபடாசெப்டு, ஆறு வயது முதற்கொண்டு நோயாளிகளைச் சேர்த்த ஆய்வின் அடிப்படையில் 2021 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. ஒரு புரதம் பொருந்தாத கொடையாளியிடமிருந்து அணுக்கள் பெற்றவர்களில் கடுமையான ஜி.வி.எச்.டி. 2.3 விழுக்காடாகவும், பதிவேட்டிலிருந்து எடுத்து ஒப்பிடப்பட்டோரில் 30.2 விழுக்காடாகவும் இருந்தது. ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜி.வி.எச்.டி. உற்ற குழந்தைகளுக்கான ரெமெசுடெம்செல் என்னும் உயிரணு மருந்தின் கதை வேறு. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத சிறிய ஆய்வே அதற்கு அடிப்படை என்பதால், அறிஞர் குழு பரிந்துரைத்த பின்னரும் 2020 இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் ஏற்பு வழங்கவில்லை. 2024 டிசம்பரிலேயே அது ஏற்கப்பட்டது.

குழந்தையின் இசைவும் கொடையளிக்கும் குழந்தையும்

சட்டப்படி ஒப்புதல் அளிப்போர் பெற்றோரே. எனினும் புரிந்துகொள்ளும் வயதுடைய குழந்தையின் இசைவும் பெறப்பட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவையும், 12 முதல் 18 வயது வரை எழுத்து வழி இசைவையும் பெறுமாறு கூறுகின்றன.

இச்சிகிச்சையில் இரண்டாவது குழந்தையும் இருக்கக்கூடும் என்பதே இதன் சிக்கல். நான்கு வயதுத் தங்கையின் இடுப்பெலும்பில் ஊசி செலுத்துவதால் அவளுடைய உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை. அண்ணனைக் காப்பாற்றத் துடிக்கும் பெற்றோரே அவள் சார்பிலும் முடிவெடுக்க வேண்டியுள்ளது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010 இல் இதற்கு ஐந்து நிபந்தனைகளை வகுத்தது: இணையான வயதுவந்த உறவினர் கொடையாளி இல்லாதிருத்தல், இரு குழந்தைகளுக்கிடையே நெருங்கிய உறவிருத்தல், நோயாளி பயனடையும் நியாயமான வாய்ப்பிருத்தல், கொடையாளிக்கான அபாயம் குறைவாக இருத்தல், பெற்றோரின் அனுமதியும் இயன்றவிடத்துக் குழந்தையின் இசைவும் பெறுதல். கொடையளிக்கும் குழந்தையின் நலனை மட்டும் கருதும் தனி மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் பரவலாக வலியுறுத்தப்படுகின்றது. சிகிச்சை தோற்று அண்ணன் இறந்துவிட்டால், தன் மச்சைதான் காரணம் என்று அக்குழந்தை எண்ணக்கூடும்.

மெய்ப்பிக்கப்படாத சிகிச்சைகள்

குருத்தணு என்னும் சொல்லுக்கு மக்களிடையே உள்ள மதிப்பைப் பயன்படுத்தி, மன இறுக்கம், பெருமூளை வாதம், தசை அழிவு நோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாகக் கூறிப் பணம் பெறும் நிலையங்கள் பல நாடுகளில் உள்ளன. இவற்றில் நடைபெறுவது மருத்துவ ஆய்வு அன்று. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டுத் தேசியக் குருத்தணு ஆராய்ச்சி வழிகாட்டி, ஏற்கப்பட்ட குருதி நோய்கள் முதலியவற்றுக்கான குருதியாக்கக் குருத்தணு மாற்று ஒன்றையே வழக்கமான சிகிச்சையாகக் கொள்கின்றது. பிற பயன்பாடுகள் அனைத்தும் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடைபெற வேண்டும். அவ்வாறான ஆய்வில் பங்கேற்கும் நோயாளியிடம் சிகிச்சைக்கென்று கட்டணம் பெறுதல் கூடாது. ஆய்வு என்று கூறிக் கட்டணம் கேட்கும் இடத்தில், நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அவ்வாய்வின் பதிவெண்ணையும் காட்டுமாறு பெற்றோர் கேட்கலாம்; அப்பதிவேடு எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடியதாகும்.